எளிய நோயும் அரிய வினாவும்

நோய்களுள் எளியவை எவை என்று உங்களைக் கேட்டால், தடுமனையும் வயிற்றுப்போக்கையும் முதலில் சொல்வீர்கள். இவ்விரண்டும் வந்து போகாத வீடு இல்லை. வயிற்றுப்போக்கு என்றவுடன் வீட்டிலுள்ள பெரியவர்கள் மோரும் கஞ்சியும் கொடுப்பார்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகச் சொல்வார்கள். இரண்டொரு நாளில் நோய் தானே அகன்றுவிடும். அத்தகைய வயிற்றுப்போக்கைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஆயினும், நான் சொல்லப்போவது அவ்வளவு எளியதன்று. புற்றுநோயை வெல்லும் அரிய மருந்தொன்று நோயாளியின் உயிரைக் காத்துக்கொண்டிருக்கும்போதே, அம்மருந்தின் பின்னால் நிழல்போல் வந்து, அதே உயிருக்கு ஊறு செய்யக்கூடியது. அதனை இன்னதென்று எவ்வாறு கண்டறிகின்றனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஒரு நோயாளியை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். அறுபது வயது. தோலில் தோன்றிய மெலனோமா என்னும் கருநிறப் புற்றுநோய் உடலின் பிற உறுப்புகளுக்கும் பரவிவிட்டது. அவருக்குப் புதுவகை மருந்தொன்றை நரம்பு வழியாகச் செலுத்துகிறார்கள். இரண்டு மூன்று முறை மருந்து ஏற்றியாயிற்று. கட்டிகள் சுருங்கத் தொடங்கிவிட்டன. வீட்டார் முகத்தில் மகிழ்ச்சி. ஏழாவது வாரத்தில் ஒருநாள் அவருக்கு வயிறு கழிகிறது. நாளைக்கு ஐந்து முறை, ஆறு முறை என்று பெருகுகிறது. உணவில் ஏதோ ஒவ்வாமை என்று அவரே முடிவு கட்டிக்கொள்கிறார். கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறார். போக்குச் சற்றுக் குறைகிறது. ஆனால் வயிற்றுவலி மிகுகிறது. மலத்தில் குருதி தோன்றுகிறது.

இப்போது அவர் அருகிலுள்ள ஒரு மருத்துவரிடம் செல்கிறார். அந்த மருத்துவர் என்ன கேட்பார்? "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பார். அது நல்ல வினாவே. ஆனால் அதனினும் இன்றியமையாத வினா ஒன்று உண்டு: "சென்ற ஓராண்டில் உமக்கு என்னென்ன மருந்துகள் கொடுத்தார்கள்?" இந்த ஒரு வினாவைக் கேட்பதிலும் கேளாமல் விடுவதிலும் ஓர் உயிர் தங்கியிருக்கலாம். ஏன் என்பதை விளக்கவேண்டுமானால், அம்மருந்து எவ்வாறு வேலை செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளவேண்டும்.

நம் உடலுக்குள் ஒரு காவற்படை இருக்கிறது. குருதியிலுள்ள வெள்ளணுக்களே அப்படையின் வீரர்கள். அவர்களுள் டி-அணுக்கள் என்னும் பிரிவினர் ஒவ்வோர் உயிரணுவையும் தொட்டுப் பார்த்து, "இது நம்மைச் சேர்ந்ததா, அயலதா?" என்று சோதிப்பவர்கள். அயலது என்று கண்டால் அழித்துவிடுவார்கள். புற்றுநோய் அணுக்கள் நம் உடலிலேயே பிறந்தவை; ஆயினும் இயல்பு திரிந்தவை. டி-அணுக்களால் அவற்றுள் பலவற்றை அடையாளம் காண முடியும். அங்ஙனமாயின் ஏன் அழிப்பதில்லை?

ஓடுகின்ற வண்டிக்குப் பிரேக் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை சினங்கொண்ட காவற்படைக்கும் உண்டு. பகையை அழித்தபின் படை அடங்கவேண்டும்; இன்றேல் சொந்த நாட்டையே சூறையாடும். ஆதலின் இயற்கை, டி-அணுக்களின் மேற்பரப்பில் பிரேக் போன்ற சில புரதங்களை அமைத்திருக்கிறது. அவற்றுள் ஒன்றான சி.டி.எல்.ஏ-4 என்பதைப் பிரெஞ்சு அறிஞர்கள் 1987-இல் கண்டறிந்தனர். மற்றொன்றான பி.டி-1 என்பதை ஜப்பானில் கியோட்டோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தசுக்கு ஹோஞ்சோவின் ஆய்வுக்கூடத்தார் 1992-இல் கண்டனர். புற்றுநோய்க் கட்டிகள் இந்தப் பிரேக்குகளைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்கின்றன என்பது பின்னர்த் தெரியவந்தது. காவலன் வாயிலுக்கு வரும்போதே அவன் காலைக் கட்டிவிடும் தந்திரம் அது.

அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஆலிசன் இதனைத் திருப்பிச் சிந்தித்தார். "பிரேக்கை நாம் எடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்டார். சி.டி.எல்.ஏ-4 புரதத்தைப் பற்றிக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கும் எதிர்ப்பொருள் ஒன்றைக் கட்டி வளர்ந்த எலிகளுக்கு அவரும் அவருடைய குழுவினரும் செலுத்தினர். கட்டிகள் மறைந்தன. அம்முடிவு 1996-இல் வெளியாயிற்று. அதே வழியில் மனிதர்க்காக ஆக்கப்பட்ட இபிலிமுமாப் என்னும் மருந்துக்கு 2011-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. பி.டி-1 என்னும் பிரேக்கை நீக்கும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்துகள் 2014-இல் வந்தன. ஆலிசனுக்கும் ஹோஞ்சோவுக்கும் 2018-இல் மருத்துவத்திற்கான நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இம்முறைக்கு இம்யூனோதெரபி, அதாவது நோயெதிர்ப்பு மருத்துவம் என்று பெயர்.

பிரேக்கை எடுத்துவிட்ட வண்டி பகைவனை நோக்கி மட்டுமே ஓடும் என்பதற்கு என்ன உறுதி? இந்த அச்சத்திற்குக் காரணம் முன்னமே தெரிந்திருந்தது. சி.டி.எல்.ஏ-4 இல்லாமலே பிறக்கும்படி ஆய்வாளர் உருவாக்கிய எலிகள், பிறந்த மூன்று நான்கு வாரங்களுக்குள் மாண்டன என்று 1995-இலேயே அறிவித்திருந்தனர். அவற்றின் டி-அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, தம் உறுப்புகளையே தாக்கி அழித்தன. பி.டி-1 இல்லாத எலிகளோ அவ்வளவு விரைவில் மடியவில்லை. அவற்றில் தோன்றிய தீங்கு மெல்ல மெல்ல, பல மாதங்களுக்குப் பின்னரே வெளிப்பட்டது. எலிகளிடம் கண்ட இந்த வேறுபாடு மனிதரிடமும் பெரும்பாலும் பலித்தது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிலையத்தார், சி.டி.எல்.ஏ-4 எதிர்ப்பொருளை 14 மெலனோமா நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்டதை 2003-இல் வெளியிட்டனர். மூவருக்குக் கட்டிகள் சுருங்கின. அவருள் இருவருக்கு அறவே மறைந்தன. ஆனால் ஆறு பேருக்கு உடலின் காவற்படை உடலையே தாக்கிய கடுந்தீங்கு நேர்ந்தது. தோல், குடல், கல்லீரல், மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி ஆகியன தாக்குண்டன. 2006-இல் அதே நிலையத்தார் 198 நோயாளிகளின் வரலாற்றை ஆராய்ந்தனர். 41 பேருக்குக் குடலழற்சி வந்திருந்தது. வியப்பு என்னவெனில், மெலனோமா நோயாளிகளுள் குடலழற்சி வந்தவர்களில் நூற்றுக்கு 36 பேருக்குக் கட்டி சுருங்கியது. வராதவர்களிலோ நூற்றுக்கு 11 பேருக்கே சுருங்கியது. கட்டியைத் தாக்கும் ஆற்றலும் குடலைத் தாக்கும் ஆற்றலும் ஒரே ஊற்றிலிருந்து வருவன என்பதற்கு இது நல்ல சான்று. குடலழற்சி வந்தால்தான் மருந்து பலிக்கும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அது வராமலே நலம் பெற்றவர்களும் பலர்.

2010-இல் வெளியான மற்றோர் ஆய்வில் 676 நோயாளிகள் கலந்துகொண்டனர். இபிலிமுமாப் பெற்றவர்களின் வாழ்நாள், நடுநிலைக் கணக்கில், ஏறத்தாழ 10 மாதம். அதைப் பெறாதவர்களுக்கு 6.4 மாதம். பரவிய மெலனோமாவுக்கு அதுவரை எந்த மருந்தும் வாழ்நாளை இவ்வாறு நீட்டியதில்லை. ஆயினும் அதே ஆய்வில் சிகிச்சையின் காரணமாக 14 பேர் இறந்தனர். அவர்களுள் எழுவர் இறந்தது காவற்படையின் தாக்குதலால். கணக்கில் இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் நோயை விரைவில் கண்டறிந்தால் குறைக்கத்தக்க எண் அது என்பதே நாம் கருதவேண்டியது.

இனி, இத்தாக்குதல் ஏன் குடலின்மேல் இவ்வளவு எளிதில் விழுகிறது என்று பார்ப்போம். நம் பெருங்குடலில் கோடிகோடியாகப் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை அயலவையே, எனினும் நமக்கு உதவி செய்து வாழும் விருந்தினர். அவ்விருந்தினரைத் துன்புறுத்தாமலும், அவர்களிடையே பகைவர் நுழைந்தால் விடாமலும் காக்கவேண்டியிருப்பதால், உடலின் காவலணுக்களில் பெரிய தொகுதி ஒன்று குடலைச் சுற்றி முகாமிட்டிருக்கிறது. ஒவ்வொரு கணமும் பொறுமை காக்கும் படை அது. பொறுமைக்குக் காரணமான பிரேக்கை நாம் எடுத்துவிட்டால், முதலில் கலகம் மூளும் இடங்களுள் ஒன்றாகக் குடல் இருப்பதில் வியப்பில்லை.

இபிலிமுமாப் பெறுபவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வரும். உண்மையான பெருங்குடல் அழற்சி ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பேருக்கு வரும். பி.டி-1 வகை மருந்துகளைத் தனியே பெறுபவர்களுக்கு அது நூற்றுக்கு ஒன்று இரண்டு என்னும் அளவே. இரு வகையையும் சேர்த்துக் கொடுத்தால் தனித்தனியே கொடுப்பதைவிட மிகும். எலிகள் முன்பே சொல்லிவைத்த செய்தி இதுதான். காலமும் வேறுபடும். இபிலிமுமாப் மருந்தால் வரும் அழற்சி பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் தலைகாட்டும். பி.டி-1 மருந்தால் வருவது மூன்று மாதம், அதற்கும் பின்னர் என்று தாழ்த்து வரலாம். மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் ஆனபின்னும் வருவதுண்டு. "மருந்துதான் நின்றுவிட்டதே" என்று நோயாளியும் மறந்திருப்பார். மருத்துவரும் கேட்காமல் விட்டிருப்பார். அதனால்தான் ஓராண்டு மருந்து வரலாற்றையும் கேட்கவேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னேன்.

இப்போது நம் நோயாளியிடம் திரும்புவோம். மருத்துவர் கேட்கவேண்டிய வினாவைக் கேட்டுவிட்டார்; விடையும் கிடைத்துவிட்டது. உடனே, "இது மருந்தால் வந்த அழற்சி" என்று முடிவு செய்துவிடலாமா? கூடாது. புற்றுநோயாளிக்கும் மற்றவர்களைப்போலவே கெட்ட உணவால் வயிறு கழியும், சீதபேதியும் வரும். கேளாமல் விடுவது ஒரு பிழை என்றால், கேட்டவுடன் முடிவு கட்டுவது மற்றொரு பிழை. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயையும் நோயின் மூலத்தையும் அதனைத் தணிக்கும் வழியையும் முறையே ஆராயுமாறு கூறுகிறார். அந்த வரிசை இந்நோய்க்கு மிகவும் பொருந்தும்.

முதற்படி எண்ணுதல். நாளைக்கு எத்தனை முறை வயிறு கழிகிறது என்பதை நோயாளியின் வழக்கமான எண்ணிக்கையோடு ஒப்பிடுகின்றனர். வழக்கத்தைவிட மூன்று முறைவரை மிகுந்தால் முதல் நிலை. நான்கு முதல் ஆறு மிகுந்தால் இரண்டாம் நிலை. ஏழும் அதற்கு மேலும் மிகுந்தால் மூன்றாம் நிலை. உயிருக்கே இடர் நேர்ந்தால் நான்காம் நிலை. நாளைக்கு ஒருமுறை போகும் வழக்கமுடையவர் ஆறு முறை போனால், ஐந்து மிகை. அவர் இரண்டாம் நிலையில் இருக்கிறார். இத்துடன் வயிற்றுவலி, குருதி, சளி, காய்ச்சல் உண்டா என்றும் பார்ப்பர். ஓர் எச்சரிக்கையும் இங்கே உண்டு. சிலருடைய குடல் ஆழமாகப் புண்பட்டிருந்தும், போகும் எண்ணிக்கை குறைவாக இருக்கும். போக்கை அடக்கும் மாத்திரையை விழுங்கியவர்களிடம் எண்ணிக்கையை நம்பவே முடியாது. மணியின் நாவைக் கட்டிவிட்டு, ஓசை இல்லை, ஆகவே ஆபத்தில்லை என்று சொல்வதை ஒக்கும் அது.

இரண்டாம் படி, கிருமிகளை விலக்குதல். மலத்தைச் சோதித்துச் சால்மோனெல்லா, ஷிகெல்லா முதலிய பாக்டீரியாக்கள் உண்டா, அமீபா முதலிய ஒட்டுயிர்கள் உண்டா என்று தேடுகின்றனர். கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிபிசில் என்னும் பாக்டீரியாவின் நஞ்சு உண்டா என்பதையும் தவறாமல் பார்க்கின்றனர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை உண்டு, மருத்துவமனைகளில் தங்கி வந்தவர்களை அது எளிதில் பற்றும், புற்றுநோயாளிகள் அத்தகையவரே. நம் நாடு போன்ற வெப்ப நாடுகளில் இந்தப் படி இன்னும் இன்றியமையாதது. இங்கே கிருமிகளால் வரும் வயிற்றுப்போக்கு மிகுதி. குடலில் காசநோய் வருவதும் உண்டு. கிருமி நோயைத் தவறாக மருந்தின் விளைவு என்று கொள்வதும், மருந்தின் விளைவைக் கிருமி நோய் என்று கொள்வதும் இங்கே ஒருங்கே நேரக்கூடியவை.

கிருமியோடு தேடல் முடிந்துவிடுவதில்லை. தைராய்டுச் சுரப்பி மிகையாக வேலை செய்தாலும் வயிறு கழியும். அட்ரீனல் சுரப்பி குன்றினாலும் கழியும். இவ்விரண்டையும் இதே மருந்துகள் உண்டாக்கக்கூடும். கணையம் தன் செரிமான நீரைச் சுரக்காமல் போனாலும் கழியும். வேறு புற்றுநோய் மருந்துகள், கதிரியக்கச் சிகிச்சை ஆகியவற்றாலும் கழியும். குடலுக்குள்ளேயே மெலனோமா பரவியிருக்கவும் கூடும். ஆதலால் குருதிச் சோதனைகளும் வேண்டியிருக்கின்றன.

மூன்றாம் படி, அழற்சி உண்டா என்று காணுதல். குடலில் அழற்சி மூண்டால் வெள்ளணுக்கள் அங்கே குவிந்து, தம்மிடமுள்ள புரதங்களைச் சிந்தும். கால்புரோடெக்டின், லாக்டோபெரின் என்பன அவற்றுள் இரண்டு. இவை மலத்தில் கலந்து வெளிவரும். இவை மிகுந்திருந்தால் உள்ளே தீ எரிகிறது என்று பொருள். புகையைக் கண்டு நெருப்பை அறிவதுபோன்ற அறிவு இது. ஆனால் நெருப்பை மூட்டியவர் யார் என்று புகை சொல்லாது. கிருமியால் வந்த அழற்சியிலும் இப்புரதங்கள் மிகும். வயிற்றைச் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் குடற்சுவர் தடித்திருப்பதும், குடலைச் சூழ்ந்த குருதிக் குழாய்கள் புடைத்திருப்பதும் தெரியலாம். குடல் துளைபட்டிருந்தால் அதுவும் தெரியும். எனினும் அழற்சி இருந்தும் படம் இயல்பாகத் தோன்றுவதுண்டு. படம் நன்றாயிருக்கிறது என்று அமைதி கொள்ளலாகாது.

நான்காம் படியே இக்கதையின் உயிர்நிலை. உள்ளே நேரில் பார்ப்பது. வளையும் தன்மையுள்ள ஒளிக்குழல் ஒன்றைக் குதவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலின் உட்சுவரைப் பார்க்கின்றனர். இந்நோயில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பெருங்குடலின் இடப்பகுதி தாக்குண்டிருக்கும். ஆதலால் பெரும்பாலோருக்குக் குடல் முழுவதையும் பார்க்கவேண்டியதில்லை. குறுகிய குழல் கொண்டு இடப்பகுதியை மட்டும் பார்த்தாலே போதும். செம்மை, வீக்கம், புண், குருதிக் கசிவு ஆகியவற்றை மருத்துவர் தேடுகிறார். புண் 2 மில்லிமீட்டருக்கு மேல் ஆழ்ந்திருந்தாலோ, 1 சென்டிமீட்டருக்கு மேல் அகன்றிருந்தாலோ, இடப்பகுதியைக் கடந்து பரவியிருந்தாலோ, அது கடுமையான நோய் என்று அறிகிறார். மலம் எத்தனை முறை கழிகிறது என்னும் எண்ணிக்கை சொல்லாத செய்தியை இப்புண்கள் சொல்லிவிடுகின்றன. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகர மருத்துவர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நோய் தொடங்கி ஒரு வாரத்திற்குள் இவ்வாறு பார்க்கப்பட்டவர்களுக்கு நோய் நீடித்த காலமும், மீண்டும் வந்த தொல்லையும் குறைவாயிருந்தன.

உட்சுவர் செம்மையும் புண்ணும் இன்றி, பளபளவென்று இயல்பாகவே தோன்றினால் என்ன செய்வது? அனுபவமற்றவர் குழலை வெளியே எடுத்துவிட்டு, "ஒன்றுமில்லை" என்று எழுதிவிடுவார். அனுபவமுள்ளவர் அப்போதுதான் இன்னும் கவனமாக இருப்பார். கண்ணுக்கு நலமாகத் தோன்றும் இடத்திலிருந்தும் மிகச் சிறு திசுத்துணுக்குகளைக் கிள்ளி எடுப்பார். பயாப்ஸி என்பது அதுவே. ஏனெனில், இந்நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்கு அழற்சி நுண்ணோக்கிக்கு மட்டுமே தெரியும்.

அத்துணுக்கு நோய்க்குறியியல் அறிஞரின் மேசைக்குச் செல்கிறது. மெல்லிய தகடாகச் சீவிச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின்கீழ் வைத்து அவர் பார்க்கிறார். குடலின் உட்சுவரில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும். அக்குழிகளுக்குள் வெள்ளணுக்கள் புகுந்து சீழ்கட்டியிருக்கின்றனவா? குழியின் அடியிலுள்ள அணுக்கள் தாமே சிதைந்து மடிந்திருக்கின்றனவா? மேலணுக்களின் இடையிடையே டி-அணுக்கள் நெருங்கி நிற்கின்றனவா? இவையே மருந்தால் வந்த அழற்சியின் அடையாளங்கள். பல ஆண்டுகள் நீடிக்கும் வேறுவகைக் குடலழற்சியில் குழிகளின் அமைப்பே கோணலாகிவிடும். புதிதாக வந்த இந்நோயில் அக்கோணல் பெரும்பாலும் இராது. சைட்டோமெகலோ வைரஸ் என்னும் கிருமி உள்ளே புகுந்திருந்தால், வீங்கிய அணுவின் நடுவே ஆந்தையின் கண்போன்ற வடிவம் தோன்றும். அதனையும் அவர் தேடவேண்டும். ஒரு கடுகளவு திசுவில் இத்தனை வினாக்களுக்கும் விடை எழுதப்பட்டிருக்கிறது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மருந்தால் வந்த அழற்சிக்குச் சிகிச்சை, கலகம் செய்யும் காவற்படையை அடக்குவதே. அதற்கு முதலில் ஸ்டீராய்டு மருந்துகளைக் கொடுக்கின்றனர். மூன்று முதல் ஐந்து நாட்களில் குணம் தெரியாவிடில், இன்ஃப்ளிக்சிமாப் அல்லது வெடோலிசுமாப் என்னும் மருந்துக்குச் செல்கின்றனர். முன்னது அழற்சியைத் தூண்டும் ஒரு புரதத்தைத் தடுப்பது. பின்னது வெள்ளணுக்கள் குடலுக்குள் நுழையும் வாயிலை அடைப்பது. காலத்தில் கொடுத்தால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். ஆனால் வயிற்றுப்போக்குக்குக் காரணம் கிருமியாக இருந்து, அதை அறியாமல் காவற்படையை அடக்கிவிட்டால், கோட்டைக்குள் பகைவன் இருக்கும்போது காவலரைச் சிறையிட்டது போலாகும். அதனால்தான் இன்ஃப்ளிக்சிமாப் கொடுக்குமுன் உடலில் காசநோய் உறங்கிக்கிடக்கிறதா என்று பார்க்கின்றனர். மறுபுறம், காரணம் மருந்தாக இருந்தும் அதை அறியாமல், நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கொடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருந்தால், புண் ஆழ்ந்து குடல் துளைபடும். அப்போது அறுவை மருத்துவரை அழைக்கவேண்டியதாகிவிடும்.

மற்றொரு பெரும் பொறுப்பும் இதில் அடங்கியிருக்கிறது. குடலழற்சி கடுமையானது என்று உறுதியானால், புற்றுநோய் மருந்தை நிறுத்தவேண்டும். இபிலிமுமாப் என்றால் பெரும்பாலும் மீண்டும் கொடுப்பதில்லை, பி.டி-1 மருந்தைச் சிலருக்கு நோய் தணிந்தபின் மீண்டும் தொடங்கலாம். ஒருவருடைய வயிற்றுப்போக்கைப் பிழையாக அழற்சி என்று கொண்டு மருந்தை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? கட்டிகளைச் சுருக்கிக்கொண்டிருந்த மருந்தை, வேண்டாத காரணத்தால் அவரிடமிருந்து பறித்தவர்களாவோம். ஆகவே, இல்லாததை உண்டு என்பதும் உயிருக்குக் கேடு. உள்ளதை இல்லை என்பதும் உயிருக்குக் கேடு. இரண்டுக்கும் நடுவே செல்லும் ஒற்றையடிப் பாதையே சரியான நோயறிதல்.

இத்துறையில் ஆராய்ச்சி ஓய்ந்துவிடவில்லை. ஸ்டீராய்டுக்கும் மற்ற மருந்துகளுக்கும் கட்டுப்படாத இருவருக்கு, நலமுள்ளவரின் மலத்திலிருந்து எடுத்த நல்ல பாக்டீரியாக்களைக் குடலில் குடியேற்றிக் குணப்படுத்தியதாக ஹூஸ்டன் மருத்துவர்கள் 2018-இல் அறிவித்தனர். இருவர் என்பது சிறிய எண்தான். எனினும், விருந்தினருக்கும் காவலருக்கும் இடையே உள்ள உறவு கெட்டதே கலகத்தின் மூலங்களுள் ஒன்று என்பதற்கு அது ஒரு குறிப்பு.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை மருத்துவர் ஆவீர்கள். பலர் ஆகமாட்டீர்கள், ஆனால் உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இத்தகைய மருந்து பெறும் ஒருவர் இருக்கக்கூடும். அவருக்குத் துணையாக மருத்துவமனைக்குச் செல்பவர் நீங்களாகவும் இருக்கலாம். அப்போது சில செய்திகளை மட்டும் மறவாதிருங்கள். அவர் எந்த மருந்தை எப்போது பெற்றார் என்பதை ஒரு சீட்டில் எழுதி அவருடைய பையில் வையுங்கள். எந்த மருத்துவரிடம் சென்றாலும் அதனை முதலில் காட்டச் சொல்லுங்கள். வயிறு கழியத் தொடங்கினால், வெட்கத்தாலோ, "மருந்தை நிறுத்திவிடுவார்களே" என்னும் அச்சத்தாலோ மறைக்கவேண்டாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். கடையில் தாமே மாத்திரை வாங்கி அடக்கிக்கொள்ளாமல், மருந்து கொடுத்த மருத்துவருக்கு அன்றே தெரிவிக்கச் செய்யுங்கள். குருதியோ கடும்வலியோ காய்ச்சலோ கண்டால் பொழுது விடியக் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

முன்பு மனக்கண்முன் நிறுத்திய நோயாளியின் கதையை இனி நீங்களே முடித்துக்கொள்ளலாம். அவரிடம் அந்த வினாவைக் கேட்டவர் ஒருவர் இருந்தால், சோதனைகள் முறையே நடந்திருக்கும். ஏழாம் வாரத்தில் மூண்ட கலகம் அடங்கியிருக்கும். சுருங்கிய கட்டி சுருங்கியபடியே இருக்கவும் கூடும். பல்லாண்டு ஆராய்ச்சியால் கிடைத்த மருந்து ஒருபுறம். ஒளிக்குழலும் நுண்ணோக்கியும் மறுபுறம். இரண்டையும் இணைத்து நோயாளிக்குப் பயன்படச் செய்வது, "உமக்கு என்ன மருந்து கொடுத்தார்கள்?" என்று பொறுமையோடு கேட்கும் ஒரு மனிதரின் குரலே. அந்த வினாவுக்கு விலையில்லை. அதைக் கேட்க எந்தக் கருவியும் வேண்டியதில்லை.